அலைகடல் வளர்த்த நாவலாசிரியர்

ஆங்கில நாவலாசிரியர்களில் தலைசிறந்த ஒருவர், ஜோசப் கான்ராட்.

ஆனால் அவர் ஆங்கிலேயர் அல்ல. ஆங்கிலம் அவருடைய தாய்மொழியும் அல்ல!

20 வயது வரை அவருக்கு ஆங்கிலம் பேசத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து அவர் அந்த மொழியைப் படிக்கவும் இல்லை. கப்பலில் வேலை செய்தபோது, கூட இருந்த மாலுமிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

அப்படிக் கற்ற மொழியில், பெரிய பெரிய பண்டிதர்களும் வியக்கும்படி நாவல்கள் எழுதினார்!

கான்ராட் 20 ஆண்டு காலம் கடலில் உழைத்தவர். அதன் பிறகு 30 ஆண்டு காலம் பேனா பிடித்தவர். கடலில் பட்ட பாடுதான் அவருடைய கதைகளுக்கு மூலதனம்.

தாயை இழந்து, தந்தையை இழந்து, சொந்த நாடும் இல்லாமல் நின்றவர் அவர். அவருக்குக் கடல் பிழைப்பைக் கொடுத்தது. மொழியைக் கொடுத்தது. கதைகளையும் கொடுத்தது. அந்த வரலாறு இது.

படத்தில் இல்லாத நாடு

கான்ராட் பிறந்தது 1857-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி. ஊரின் பெயர், பெர்டிச்சேவ். கடலுக்கு வெகு தூரத்தில் உள்ள ஊர். இன்று அது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அன்று ருஷிய சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

பெற்றோர் போலந்துக்காரர்கள். போலந்து ஒரு காலத்தில் பெரிய நாடு. ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதைத் துண்டு போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. 1795-ம் ஆண்டோடு போலந்து என்ற பெயரே தேசப்படத்தில் இருந்து மறைந்துவிட்டது.

கான்ராடின் தந்தை அப்பல்லோ கொர்செனியோவ்ஸ்கி ஒரு கவிஞர். ஷேக்ஸ்பியரையும் விக்டர் ஹியூகோவையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காக ரகசியமாகப் பாடுபட்டவர்.

1861-ம் ஆண்டு ருஷிய போலீசார் அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு அவரை வடக்கே, குளிர் மிகுந்த வொலோக்டா என்ற ஊருக்கு நாடு கடத்தினார்கள். மனைவி ஏவாவும் உடன் போனார். 4 வயதுக் குழந்தையான கான்ராடும் போனான்.

அந்தக் குளிரும் வறுமையும் குடும்பத்தைச் சீரழித்தன. தாயைக் காச நோய் பற்றியது. 1865-ம் ஆண்டு அவர் இறந்தார். அப்போது கான்ராடுக்கு வயது 7.

துக்கத்தில் மூழ்கிய தந்தையும் நோயாளி ஆனார். வீட்டில் விளையாடத் துணை இல்லை. சிறுவனுக்குப் புத்தகங்களே தோழர்கள். கடலை நம்பிப் பிழைப்பவர்களைப் பற்றி விக்டர் ஹியூகோ எழுதிய நாவல் ஒன்றைத் தந்தை மொழிபெயர்த்திருந்தார். அச்சுக்குப் போன அந்தத் தாள்களைச் சிறுவன் கான்ராட் தந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினான். நூல் வழியாகக் கடல் அவனுக்கு அறிமுகம் ஆனது அப்போதுதான்.

1869-ம் ஆண்டு கிராக்கோ நகரில் தந்தையும் காலமானார். தேசபக்தருக்கு அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டனர். ஊர்வலத்தின் முன்னால் நடந்து போனான், 11 வயது அனாதைச் சிறுவன்.

தாய்மாமன்

அனாதையை அணைத்துக்கொண்டவர் தாயுடன் பிறந்த மாமன் ததேயுஷ் பொப்ரோவ்ஸ்கி. நல்ல நிலபுலன் உள்ளவர். கணக்கு வழக்கில் கண்டிப்பானவர். ஆனால் தங்கை மகன் மீது உயிரையே வைத்திருந்தார்.

பையன் நன்றாகப் படித்து உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது மாமனின் ஆசை. பையனோ, "கப்பலில் போகிறேன்" என்று பிடிவாதம் பிடித்தான்! குடும்பத்தில் யாரும் கேள்விப்படாத தொழில் அது. உறவினர்கள் திகைத்தார்கள். வாத்தியாரைக் கொண்டு புத்தி சொல்லிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

1874-ம் ஆண்டு அக்டோபர் மாதம் மாமன் மனம் இறங்கினார். 17 வயதுகூட நிரம்பாத கான்ராட், ரெயில் ஏறிப் பிரான்சு நாட்டின் மார்செய்ல்ஸ் துறைமுகத்துக்குப் போனான். பிரெஞ்சு மொழி அவனுக்குச் சிறு வயது முதலே தெரியும். பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல்களில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வந்தான்.

மாமன் ஒழுங்காகப் பணம் அனுப்பினார். இளைஞன் தண்ணீராகச் செலவழித்தான். கடன் ஏறியது.

இதற்கிடையே இன்னொரு இடி விழுந்தது. கான்ராட் ருஷிய ஆட்சிக்கு உட்பட்ட பிரஜை. ருஷிய ராணுவத்தில் சேவை செய்யவேண்டிய கடமை உண்டு. ருஷிய அதிகாரிகளின் அனுமதி இல்லாததால், பிரெஞ்சுக் கப்பலில் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடன் வாங்கிய பணத்தைச் சூதாட்டத்தில் வைத்தான். அதுவும் போயிற்று. மனம் உடைந்த இளைஞன், 1878-ம் ஆண்டு தொடக்கத்தில் துப்பாக்கியை எடுத்துத் தன் மார்பில் சுட்டுக்கொண்டான்!

நல்ல வேளை! குண்டு இருதயத்தைத் தொடவில்லை. உயிர் பிழைத்தான்.

செய்தி கேட்டு மாமன் ஓடோடி வந்தார். கடன்களைத் தீர்த்தார். கடிந்துகொண்டார். ஆனால் கைவிடவில்லை.

"சண்டையில் ஏற்பட்ட காயம்" என்றே கான்ராட் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு மாமனின் கடிதம் வெளியானபோதுதான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது.

மாலுமிகளே வாத்தியார்கள்

பிரெஞ்சுக் கப்பல்களில் இடம் இல்லை. வேறு எங்கே போவது? ஆங்கிலக் கப்பல்களில் அயல் நாட்டாரையும் சேர்த்துக்கொண்டார்கள். ருஷிய அனுமதியை யாரும் கேட்கவில்லை.

1878-ம் ஆண்டு ஜூன் மாதம் கான்ராட் இங்கிலாந்தின் லோஸ்டாப்ட் துறைமுகத்தில் இறங்கினார். வயது 20. தெரிந்த ஆங்கிலச் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

லோஸ்டாப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே ஓடிய சிறிய கப்பல் ஒன்றில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். அந்தக் கடற்கரை ஊர் மாலுமிகள்தான் அவருடைய முதல் ஆங்கில வாத்தியார்கள். கயிறு இழுக்கும்போது ஒரு வார்த்தை. பாய் சுருட்டும்போது ஒரு வார்த்தை. வேலையும் மொழியும் சேர்ந்தே வந்தன.

அடுத்து, ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பெரிய பாய்மரக் கப்பலில் இடம் கிடைத்தது. ஓய்வு நேரத்தில் ஆங்கிலப் புத்தகம் படித்தார்.

கப்பலில் அதிகாரி ஆகவேண்டுமானால் சர்க்கார் பரீட்சை உண்டு. அதுவும் ஆங்கிலத்தில்! 1880-ம் ஆண்டு இரண்டாம் அதிகாரி பரீட்சையில் தேறினார். முதல் அதிகாரி பரீட்சையில் ஒரு தடவை தோற்றார். மீண்டும் எழுதி 1884-ல் தேறினார். காப்டன் பரீட்சையிலும் ஒரு தடவை தோற்றார். மீண்டும் எழுதி, 1886-ம் ஆண்டு நவம்பர் மாதம் தேறினார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் பிரிட்டிஷ் பிரஜையும் ஆனார். மொழி தெரியாமல் கரை இறங்கியவர், எட்டே ஆண்டில் காப்டன்!

எரிந்த கப்பல்

கான்ராடின் கடல் வாழ்க்கையில் மறக்கமுடியாத கப்பல், "பாலஸ்தீன்". பழைய கப்பல். இரண்டாம் அதிகாரியாக 1881-ம் ஆண்டு அதில் சேர்ந்தார். நியூகாசிலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு பாங்காக் போகவேண்டும்.

புறப்பட்டதும் புயல். கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தது. இரவும் பகலும் இறைத்துப் பார்த்தார்கள். முடியாமல் திரும்பி, பால்மவுத் துறைமுகத்தை அடைந்தார்கள். பழுது பார்க்கவே பல மாதங்கள் ஆயின. மாலுமிகள் பலர் வேறு வேலை தேடிப் போனார்கள். கான்ராட் போகவில்லை. 1882 செப்டம்பரில்தான் கப்பல் மறுபடி கிளம்பியது.

நிலக்கரிக்கு ஒரு குணம் உண்டு. குவியலாக அடைத்து வைத்தால், காற்றில் உள்ள பிராணவாயுவோடு கலந்து தானாகவே சூடேறும். அந்தச் சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் நெருப்புப் பிடித்துக்கொள்ளும்.

"பாலஸ்தீன்" கப்பலில் அதுதான் நடந்தது. 1883 மார்ச் மாதம், சுமத்ரா தீவின் அருகே, சரக்கு அறையில் இருந்து புகை கிளம்பியது. தண்ணீர் ஊற்றினார்கள். அணையவில்லை. உள்ளே சேர்ந்த வாயு வெடித்து, மேல்தட்டையே பெயர்த்து எறிந்தது! கடைசியில் எல்லாரும் படகுகளில் இறங்கித் தப்பினார்கள்.

15 ஆண்டுகள் கழித்து கான்ராட் இதைக் கதையாக எழுதினார். பெயர், "இளமை". தோல்விக்கு மேல் தோல்வி. ஆனாலும், அந்த வயதில் அந்தக் கஷ்டமே ஓர் ஆனந்தம் என்று சொல்லும் கதை அது.

சென்னைக்கு வந்தார்!

கான்ராடுக்கும் சென்னைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு.

1884-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், "ரிவர்ஸ்டேல்" என்ற பாய்மரக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாக அவர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகம் அப்போது முழுமையாகக் கட்டி முடிக்கப்படவில்லை.

வந்த இடத்தில் காப்டனோடு தகராறு! உடல்நிலை சரியில்லாத காப்டனுக்காக டாக்டரை அழைக்கப் போன கான்ராட், காப்டனைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் காப்டனுக்குப் பிடிக்கவில்லை. கான்ராடை வேலையில் இருந்து நீக்கிவிட்டார். நடத்தை எப்படி என்று குறிப்பிட வேண்டிய இடத்தில், சொல்ல மறுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்! கப்பல்காரனுக்கு அது பெரிய கறை.

கான்ராட் சோர்ந்துவிடவில்லை. சென்னையில் ரெயில் ஏறினார். இந்தியாவின் குறுக்கே பயணம் செய்து பம்பாய் போய்ச் சேர்ந்தார். அங்கே "நார்சிசஸ்" என்ற அழகான பாய்மரக் கப்பலைக் கண்டார். அதில் வேலையும் கிடைத்தது.

பம்பாயில் இருந்து பிரான்சின் டன்கர்க் துறைமுகத்துக்கு அந்தக் கப்பல் போனது. வழியில் மாலுமி ஒருவர் நோயுற்று இறந்தார். கடலிலேயே ஒரு மனிதன் சாகிறான். கூட இருக்கும் மாலுமிகளின் மனம் என்ன பாடுபடும்? அதுவே பின்னர் ஒரு நாவல் ஆயிற்று. "நார்சிசஸ்" கப்பலின் பெயரைத் தாங்கி, 1897-ம் ஆண்டு அது வெளிவந்தது. கான்ராட் புகழ் பெறத் தொடங்கியது அந்த நாவலால்தான்.

சென்னையில் வேலை போகாமல் இருந்திருந்தால், "நார்சிசஸ்" கப்பலில் அவர் ஏறியிருக்கவே மாட்டார்!

ஒரே ஒரு கப்பல்

காப்டன் சர்டிபிகேட் கையில் இருந்தாலும், கப்பல் கிடைப்பது எளிதாக இல்லை. பாய்மரக் கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. எங்கும் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பல இடங்களில் கான்ராட் தன் தகுதிக்குக் குறைந்த வேலையையே ஏற்றுக்கொண்டார்.

1887-ல் சிங்கப்பூரில் "விதார்" என்ற சிறிய நீராவிக் கப்பலில் சேர்ந்தார். அது போர்னியோ தீவின் ஆறுகளுக்குள் போய் வியாபாரம் செய்யும் கப்பல். காட்டோரத்தில் தனியாக வாழ்ந்த ஐரோப்பிய வியாபாரிகளையும், மலாய் மக்களையும், அரபு வணிகர்களையும் அங்கே பார்த்தார். அவர்கள் அவருடைய மனத்தில் தங்கிவிட்டார்கள்.

1888 ஜனவரியில் அதிர்ஷ்டம் வந்தது. "ஒடாகோ" என்ற பாய்மரக் கப்பலின் காப்டன் கடலில் இறந்துவிட்டார். பாங்காக்கில் நின்ற அந்தக் கப்பலை ஏற்று நடத்த கான்ராட் நியமிக்கப்பட்டார். அவர் காப்டனாக இருந்து நடத்திய கடற்கப்பல் அது ஒன்றுதான்.

ஆனால் சோதனை காத்திருந்தது. மாலுமிகளைக் காய்ச்சல் பிடித்தது. கடலில் காற்றே இல்லை. பாய்மரக் கப்பல் காற்று இல்லாமல் எப்படி நகரும்? பாங்காக்கில் இருந்து சிங்கப்பூர் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று!

அந்த அனுபவம், "நிழல் கோடு" என்ற நாவலாக 1917-ல் வெளிவந்தது. அதில் வரும் இளம் காப்டன், காய்ச்சல் மருந்துப் புட்டிகளைத் திறந்து பார்க்கிறான். உள்ளே இருப்பது கொய்னா அல்ல, வெறும் தூள்! மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். தப்பியவர்கள் இரண்டே பேர். ஒருவன், காப்டன். மற்றவன், இருதய நோய் உள்ள சமையற்காரன். இருதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்று தெரிந்தும், அவன் கப்பலைக் காப்பாற்றப் பாடுபடுகிறான்.

முதல் உலகப் போர் நடந்த நேரத்தில் வந்த நாவல் அது. கான்ராடின் மூத்த மகன் அப்போது போர்முனையில் இருந்தான்.

பைக்குள் ஒரு நாவல்

1889-ம் ஆண்டு. லண்டனில் வேலை இல்லாமல் இருந்தபோது, கான்ராட் ஒருநாள் காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தார். போர்னியோவில் பார்த்த ஒரு வியாபாரியை மனத்தில் வைத்துக் கதை பிறந்தது. அதுதான் "ஆல்மேயரின் பேதைமை" என்ற முதல் நாவல்.

ஒரே மூச்சில் எழுதி முடிக்கவில்லை. ஐந்து ஆண்டு ஆயிற்று! கப்பலில் போனால் நாவலும் கூடப் போகும். ஒரு தடவை பெர்லின் ரெயில் நிலையத்தில், நாவல் இருந்த பையை மறந்து வைத்துவிட்டார். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

1890-ல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக்கு, ஆற்றுக் கப்பல் வேலைக்குப் போனார். நாவலும் உடன் போனது. சிறு பையனாக இருந்தபோது, ஆப்பிரிக்கப் படத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்து, பெரியவன் ஆனதும் அங்கே போவேன் என்று சொன்னவர் அவர்!

போய்ப் பார்த்தபோது மனம் நொறுங்கியது. பெல்ஜிய மன்னர் லியோபால்டின் ஆட்சியில், தந்தத்துக்காக மக்கள் அடிமைகளைப் போல் வதைக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் கான்ராட் நோயாளியாகத் திரும்பினார். உடம்பு பழைய நிலைக்கு வரவே இல்லை.

அந்தக் கொடுமையை "இருளின் இதயம்" என்ற நாவலில் எழுதினார். 1899-ல் வெளிவந்த அது உலகப் புகழ் பெற்றது. ஆனால், ஆப்பிரிக்க மக்களை அந்த நாவல் மனிதர்களாகவே காட்டவில்லை என்று நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபே 1975-ல் கடுமையாகக் கண்டித்தார். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

காங்கோவில் இருந்து திரும்பிய கான்ராட், "டாரன்ஸ்" என்ற பயணிகள் கப்பலில் முதல் அதிகாரி ஆனார். அதில் வந்த ஓர் இளைஞரிடம், கூச்சத்தோடு தன் நாவலைக் கொடுத்தார். அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர், நோயாளி. மறுநாள் அவர் திருப்பிக் கொடுத்தார். எழுதி முடிக்கத் தகுந்ததா என்று கான்ராட் கேட்டார். சந்தேகமே இல்லை என்ற பொருளில், ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது!

1894-ம் ஆண்டு ஜனவரியில் கான்ராட் கடைசிக் கப்பலை விட்டு இறங்கினார். அடுத்த மாதமே, தந்தைபோல் காத்த தாய்மாமன் இறந்த செய்தி வந்தது. துயரத்தோடு நாவலை எழுதி முடித்தார். அதை மாமனின் நினைவுக்கே காணிக்கை ஆக்கினார்.

பதிப்பாளருக்கு அனுப்பும்போது "கமுடி" என்று புனைபெயர் வைத்தார். மலாய் மொழியில் அதற்குச் சுக்கான் என்று பொருள். 1895-ல், சொந்தப் பெயரைச் சுருக்கி "ஜோசப் கான்ராட்" என்ற பெயரில் புத்தகம் வெளிவந்தது. கிடைத்த பணம், 20 பவுன்.

குதித்தவன்

கான்ராடின் நாவல்களில் எல்லாரும் அறிந்தது "லார்டு ஜிம்". 1900-ம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு அடிப்படை, உண்மையில் நடந்த ஒரு சம்பவம்.

1880-ம் ஆண்டு, "ஜெட்டா" என்ற நீராவிக் கப்பல், சுமார் 950 முஸ்லிம் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரில் இருந்து கிளம்பியது. அவர்கள் புனித மக்கா நகருக்குப் போகிறவர்கள். வழியில் புயல் அடித்தது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறியது. ஐரோப்பியக் காப்டனும் அதிகாரிகளும் என்ன செய்தார்கள்? யாத்ரீகர்களை அப்படியே விட்டுவிட்டு, படகில் ஏறித் தப்பிவிட்டார்கள்!

வேறொரு கப்பல் அவர்களை ஏடன் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டது. "ஜெட்டா" மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். மறுநாளே, மூழ்கியதாகச் சொன்ன கப்பல் யாத்ரீகர்களோடு ஏடனுக்கு வந்து சேர்ந்தது! இன்னொரு கப்பல் அதை இழுத்து வந்திருந்தது.

கான்ராடின் கதையில் வரும் ஜிம், நல்லவன்; வீரச் செயல் புரிய வேண்டும் என்று கனவு காண்பவன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவனும் படகில் குதித்துவிடுகிறான். விசாரணை வரும்போது மற்றவர்கள் ஓடி ஒளிகிறார்கள். ஜிம் மட்டும் நின்று தலை குனிகிறான். உத்தியோகம் போகிறது. எந்த ஊரில் பிழைக்கப் போனாலும் பழைய கதை துரத்திக்கொண்டு வருகிறது.

கடைசியில், வெளியுலகம் அறியாத ஒரு மலாய் ஊரில் மக்களின் நம்பிக்கையைப் பெறுகிறான். அங்கே அவனை நம்பி நடந்ததால் தலைவரின் மகன் உயிர் இழக்கிறான். ஜிம் ஓடிப் போயிருக்கலாம். இந்தத் தடவை அவன் ஓடவில்லை. மகனை இழந்த தந்தையின் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கிறான். அவருடைய துப்பாக்கிக் குண்டை மார்பில் ஏற்கிறான்.

சோதனை வரும் நேரத்தில் மனிதன் தன் இடத்தில் நிற்கிறானா, குதித்துவிடுகிறானா? கான்ராட் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்வி இதுதான்.

மூன்று டாலர்

"சூறாவளி" என்ற கதையில் அதே கேள்விக்கு வேறு பதில் கிடைக்கிறது. அதில் வரும் காப்டன் மக்வர் அதிகம் பேசத் தெரியாதவர். புத்திசாலி என்று யாரும் அவரைச் சொல்லமாட்டார்கள்.

அவருடைய கப்பலில் 200 சீனக் கூலியாட்கள் ஊர் திரும்புகிறார்கள். பல ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த வெள்ளி டாலர்கள் அவரவர் மரப்பெட்டியில் இருக்கின்றன. சூறாவளியில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் பெட்டிகள் உடைகின்றன. பணம் எல்லாம் ஒன்றாகக் கலந்து உருள்கிறது. கூலியாட்கள் அதற்காக ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள்.

உயிர் பிழைப்போமா என்று தெரியாத அந்த நேரத்திலும், சண்டையை நிறுத்தி, பணத்தைத் திரட்டி வைக்கும்படி காப்டன் உத்தரவு போடுகிறார். புயல் ஓய்ந்ததும் எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கு போடுகிறார். பங்கு போனது போக மூன்று டாலர் மிஞ்சுகிறது. அதிகமாகக் காயம் பட்ட மூன்று பேருக்கு ஆளுக்கு ஒன்றாக அதையும் கொடுத்துவிடுகிறார்!

பேனாவும் ஒரு போராட்டம்

கரைக்கு வந்த பிறகும் கான்ராடுக்குக் கஷ்டம் தீரவில்லை. 1896-ல் ஜெஸ்ஸி ஜார்ஜ் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண் மக்கள் பிறந்தார்கள். புத்தகங்களுக்குப் பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. வாத நோய் வேறு வாட்டியது.

ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்து அடித்துத் திருத்துவார். மனைவிதான் டைப் அடித்துக் கொடுப்பார். 1902-ம் ஆண்டு எழுதும் மேசையில் இருந்த எண்ணெய் விளக்கு வெடித்து, கதையின் ஒரு பகுதி எரிந்து போனது. அவ்வளவையும் திரும்ப எழுதினார்.

1910-ல் ஒரு பெரிய நாவலை முடித்ததும், உடம்பும் மனமும் தளர்ந்து படுத்துவிட்டார். ஜன்னியில் அவர் பிதற்றியது ஆங்கிலத்தில் அல்ல. குழந்தைப் பருவத்துப் போலிஷ் மொழியில்!

எழுத்தில் ஆங்கிலேயரையே வென்றவர், பேச்சில் கடைசி வரையில் அயல் நாட்டவராகவே இருந்தார். அவருடைய உச்சரிப்பு புரியாமல் பலர் விழித்தது உண்டு.

1912-ம் ஆண்டு "டைட்டானிக்" மூழ்கியது. "மூழ்காத கப்பல்" என்று அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களின் ஆணவத்தைக் கான்ராட் கட்டுரையில் கண்டித்தார். அவருடைய கதை ஒன்றின் கையெழுத்துப் பிரதியும் அந்தக் கப்பலோடு கடலுக்குள் போயிற்று.

"வாய்ப்பு" என்ற நாவல் 1914-ல் புத்தகமாக வந்தபோதுதான் நல்ல விற்பனை ஏற்பட்டது. அப்போது அவருக்கு வயது 56. 1924-ம் ஆண்டு பிரிட்டிஷ் சர்க்கார் "சர்" பட்டம் கொடுக்க முன்வந்தது. வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்த தமது வீட்டில் கான்ராட் மாரடைப்பால் காலமானார். வயது 66. கான்டர்பரி நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

நங்கூரம்

கான்ராட் காப்டனாக இருந்த "ஒடாகோ" கப்பல், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் கரையோரம் உடைக்கப்பட்டது. அதன் துருப்பிடித்த இரும்புக் கூடு அங்கே மிச்சம் இருக்கிறது.

அவர் சிறுவனாக இருந்தபோது தேசப்படத்தில் இல்லாத போலந்து, 1918-ல் மீண்டும் தனி நாடு ஆயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார்.

அந்த நாட்டின் கிடினியா துறைமுகத்தில், கடலைப் பார்த்தபடி கான்ராடுக்கு 1976-ல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள்.

அதன் வடிவம், நங்கூரம்!